மும்பையில் வட்டாரச் சாப்பாடு: ஹோட்டல் பெயரை விடுங்கள், பேட்டையைத் தேடுங்கள்

கோவையிலிருந்து வேலை மாற்றலாகி மும்பைக்கு வந்திருக்கிறீர்கள். வீட்டில் ஒருவர் சைவம், ஒருவர் எல்லாம் சாப்பிடுபவர். வட பாவ், பாவ் பாஜி தாண்டி இந்த ஊருக்கென்று என்ன சாப்பாடு இருக்கிறது, எங்கே போனால் அசலாகக் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஐந்து ஹோட்டல் பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் அந்த ஐந்தும் முடிந்ததும் திரும்ப இதே கேள்வியோடு நிற்பீர்கள். எனவே கொஞ்சம் சுற்றி வளைத்தே சொல்கிறேன்.

மும்பையின் பழைய சாப்பாட்டுக் கடைகளில் பெரும்பாலானவை குடும்பத்தோடு வெளியே போய்ச் சாப்பிடுவதற்காகத் தொடங்கியவை அல்ல. ஊரில் மனைவி மக்களை விட்டுவிட்டு, பிழைக்க வந்த ஆண்களுக்கு மூன்று வேளை சோறு போட வந்தவை. கொங்கணத்திலிருந்து மில் தொழிலாளி வந்தார். அவருக்கு ஒரு கடை. கட்ச், கத்தியவாரிலிருந்து துணிக்கடை குமாஸ்தா வந்தார், அவருக்கு ஒன்று. மங்களூர்க்காரருக்கு ஒன்று, பாலக்காடு, தஞ்சாவூரிலிருந்து வந்த சுருக்கெழுத்தாளருக்கு ஒன்று. ஆகவே எந்த வட்டாரத்துச் சாப்பாடு வேண்டுமோ, அந்த வட்டாரத்து ஆட்கள் எங்கே வேலை பார்த்தார்கள், எங்கே தங்கினார்கள் என்று பாருங்கள். கடை அங்கேதான் இருக்கும். அந்தேரி மாலில் 'கடலோர உணவு' என்று எழுதியிருக்கும் இடத்தில் இருக்காது.

மில்களிலிருந்து தொடங்கலாம். பரேல், லால்பாக், வர்லி வட்டாரத்தை இன்னமும் கிரண்காவ் என்பார்கள், மில்லூர் என்று பொருள். ரத்னகிரி, சிந்துதுர்க் பக்கத்திலிருந்தும் சாத்தாரா, கோலாப்பூர் மலைப்பக்கத்திலிருந்தும் வந்தவர்கள் ஒரே அறையில் பத்துப் பதினைந்து பேராக, ஷிப்ட் முறையில் தூங்கி எழுந்தார்கள். சமைக்க இடம் ஏது? பக்கத்துச் சாலில் (தொழிலாளர்களுக்கான வரிசை அறைக் குடியிருப்பில்) குடியிருந்த பெண்கள் மாதக் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு சமைத்துப் போட்டார்கள். அதற்குப் பெயர் கானாவள். நம் ஊர் மெஸ்தான், ஆனால் வீட்டு அடுப்பில். வட்டிக்காரனிடமும் மளிகைக் கடைக்காரனிடமும் மாட்டிக்கொண்டிருந்த இந்தப் பெண்களைச் சேர்த்து, பிரேமா புராவ் 1975-இல் அன்னபூர்ணா மகிளா மண்டல் தொடங்கினார். வங்கிக் கடன் வாங்கிக் கொடுத்தார்கள். 1982 மில் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்களே போய்விட்டன. இன்றைக்குப் பீனிக்ஸ் மில்லும் கமலா மில்லும் இருந்த இடத்தில், ஒரு தொழிலாளியின் மாதச் சாப்பாட்டுப் பணத்தை ஒரு தட்டுக்கு வாங்கும் உணவகங்கள் இருக்கின்றன. கானாவள் சமையல் மட்டும் தாதர், பரேல் பக்கத்து மால்வணி (சிந்துதுர்க் கரையில் உள்ள மால்வண் ஊர்ப் பாணி) ஓட்டல்களில் உயிரோடு இருக்கிறது.

மால்வணிச் சாப்பாடுதான் நீங்கள் முதலில் தேட வேண்டியது என்பேன். தாதரில் சிந்துதுர்க், சைதன்யா, பாந்த்ரா கிழக்கில் காந்தி நகரில் ஹைவே கோமந்தக் எல்லாம் பெயர் பெற்றவை. கடைசியில் சொன்னது கோவா இந்துக்களின் சமையல், மால்வணிக்கு மிக நெருக்கம். எந்தக் கடை என்பதைவிட என்ன கேட்க வேண்டும் என்பது முக்கியம். சுர்மை என்றால் வஞ்சிரம், பாப்லெட் என்றால் வவ்வால், பாங்டா என்றால் கானாங்கெளுத்தி, ராவஸ் என்றால் காலா. இவையெல்லாம் நமக்குத் தெரிந்த மீன்கள். பொம்பில்தான் இந்த ஊருக்கென்று பெயர் வாங்கிய மீன், ஆங்கிலத்தில் 'பாம்பே டக்' என்பது இதைத்தான். நீர் கோத்த, எலும்பே இல்லாதது போன்ற மென்மையான மீன். பிளந்து, மேலே கனத்தை வைத்து நீரை வடியவிட்டு, ரவையில் புரட்டிப் பொரிப்பார்கள். வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே வெண்ணெய் போலவும் இருக்கும். ஆறிவிட்டால் தொளதொளத்துப் போகும், வந்ததும் சாப்பிட்டுவிடுங்கள்.

மட்டியைத் திஸ்ர்யா என்பார்கள், தேங்காய் போட்ட சுக்காவாகக் கேளுங்கள். கோழி வேண்டுமென்றால் கோம்படி வடே. வடை என்றதும் உளுந்து வடையை நினைக்காதீர்கள். அரிசி மாவோடு பருப்பு மாவு கலந்து தட்டிப் பொரித்த, பூரிக்கும் அப்பத்துக்கும் நடுவில் ஒன்று. குழம்பில் தேங்காயையும் வெங்காயத்தையும் கறுக வறுத்து அரைத்திருப்பார்கள், செட்டிநாட்டுக் குழம்பு சாப்பிட்டவருக்கு அந்நியமாகத் தெரியாது. கடைசியில் சோல்கடி. கோகம் பழத்தோலின் புளிப்பும் தேங்காய்ப்பாலும் பூண்டும் சேர்ந்த இளஞ்சிவப்பு நீர். கோகம் நம் குடம்புளிக்குப் பங்காளி. சிலர் குடிப்பார்கள், சிலர் சோற்றில் பிசைந்துகொள்வார்கள், இரண்டுமே சரி.

சைவமாக இருக்கும் உங்கள் துணைக்கு மராத்திச் சாப்பாட்டில் ஒன்றும் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தாதர், சிவாஜி பார்க் பக்கத்தில் பிரகாஷ், ஆஸ்வாத் என்று இரண்டு இடங்கள் போதும். சாபுதானா வடா (ஜவ்வரிசி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை), கோதிம்பீர் வடி (கொத்தமல்லித் தழை வடை), தாலிபீட் (பல தானிய மாவு ரொட்டி), அப்புறம் ஜாதிக்காயும் குங்குமப்பூவும் மணக்கும் தயிர்ப் பானமான பியூஷ். ஆஸ்வாத்தின் மிசளுக்கு (முளைகட்டிய பயறுக் குழம்பின் மேல் மிக்சர் தூவி, பாவோடு தருவது) 2015-இல் லண்டனில் ஒரு விருது கொடுத்தார்கள், அதிலிருந்து வரிசை நீளம். எனக்குக் கேட்டால் அந்த மிசள் சாது. காரமாக வேண்டுமென்றால் தாணேயில் தாசில்தார் அலுவலகத்தை ஒட்டிப் பிறந்த மாம்லேதார் மிசளுக்குப் போங்கள். கண்ணில் நீர் வராமல் எழுந்தவரை நான் பார்த்ததில்லை.

வட பாவைத் தாண்டி என்று கேட்டீர்கள், இருந்தாலும் ஒரு வார்த்தை. 1966 வாக்கில் தாதர் ஸ்டேஷன் வாசலில் அசோக் வைத்யா என்பவர் தொடங்கினார் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் கதை. அதே 1966-இல்தான் சிவசேனா தொடங்கியது. அதன் முதல் கோபம் தென்னிந்தியர்கள் மேல், உடுப்பி ஓட்டல்கள் மேல். இட்லி தோசைக்குப் பதிலாக மராத்தி இளைஞர்கள் வட பாவ் விற்கட்டும் என்று கட்சி ஊக்கம் கொடுத்தது. ஆக, அதைத் தின்னும்போது கொஞ்சம் அரசியலையும் சேர்த்துத்தான் தின்கிறோம். அரை நூற்றாண்டு கழித்து இரண்டும் ஒரே தெருவில் விற்கின்றன, இரண்டுக்கும் கூட்டம் இருக்கிறது.

அந்த உடுப்பி ஓட்டல்களின் தலைநகரம் மாதுங்கா. பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் தாதர், மாதுங்கா பகுதியைத் திட்டமிட்டு மனை பிரித்தபோது அலுவலக வேலைக்கு வந்த தென்னிந்தியர்கள் அங்கே குடியேறினார்கள். 1932-இல் எஸ்.ஐ.இ.எஸ். (சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி) பள்ளி வந்தது, பூக்கடை வந்தது, தமிழ்ப் படம் ஓட்டும் அரோரா தியேட்டர் வந்தது. சாப்பாட்டுக் கடை வராமல் இருக்குமா? ஆனால் கடை போட்டவர்களில் பலர் தமிழர்கள் இல்லை, நாயக், காமத் என்ற கொங்கணிக்காரர்கள். கஃபே மைசூர் 1936, ராம் ஆஷ்ரயா 1939, கஃபே மெட்ராஸ் 1940, ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942 என்று வரிசையாக வந்தன. சாம்பார் தித்திப்பாக இருக்கும். 'இது சாம்பாரா?' என்று சண்டை பிடிக்காதீர்கள். உடுப்பிச் சாம்பாரில் வெல்லம் உண்டு, அது அவர்கள் வழக்கம்.

கஃபே மெட்ராஸில் ரச வடையும், ராம் ஆஷ்ரயாவில் அன்னாசிப்பழக் கேசரியும் (அங்கே ஷீரா என்று கேளுங்கள்) என் தேர்வு. மாதுங்கா ஸ்டேஷனை ஒட்டிய ராமா நாயக்கில் வாழை இலையில் சாப்பாடு. கோவையில் கிடைக்கும் சாப்பாட்டை எதிர்பார்க்காமல் கர்நாடகக் கரையோரச் சாப்பாடு என்று நினைத்துப் போனால் திருப்தியாக எழுந்து வரலாம். திங்கட்கிழமை அந்தப் பக்கம் பல கடைகளுக்கு விடுமுறை. ஞாயிறு காலையில் போனால் குஜராத்திக் குடும்பங்களுக்கு நடுவில் வெளியே நின்று பெயர் எழுதிக் காத்திருக்க வேண்டும்.

நம் ஊர்ச் சுவையே வேண்டும் என்கிற நாள் வரும்போது தாராவியின் 90 அடி சாலைக்குப் போங்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்தவர்களின் பேட்டை. காலையில் நகரம் முழுக்க சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் இட்லிக்காரர்களில் பலர் இங்கிருந்துதான் கிளம்புகிறார்கள். செம்பூர் சேடா நகரில் முருகன் கோயிலைச் சுற்றியும் தமிழ்க் கடைகள் உண்டு. காட்கோபர் காவ் கல்லியில் (தின்பண்டத் தெரு) 'ஜினி தோசை' என்று சீஸும் குடைமிளகாயும் சட்னியும் உள்ளே அள்ளிப் போட்டு, சுருட்டி நிமிர்த்தி நிறுத்தி வைத்த ஒன்று கிடைக்கும். அதைத் தோசை என்று எடுத்துக்கொள்ளாத வரையில் நன்றாகத்தான் இருக்கும்.

கோட்டை, அதாவது ஃபோர்ட் பகுதிக்கு வருவோம். வங்கி, கப்பல் கம்பெனி, கோர்ட் என்று அலுவலகங்கள் நிறைந்த இடம். மதியச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்காகத் தோன்றியதால் இங்கே கடைப் பலகைகளில் 'லஞ்ச் ஹோம்' என்று எழுதியிருக்கும். மகேஷ் லஞ்ச் ஹோம், அபூர்வா, கொஞ்சம் தள்ளி காலா கோடாவில் திரிஷ்ணா எல்லாம் மங்களூர்க் கரை ஆட்களின் கைவரிசை. திரிஷ்ணாவின் வெண்ணெய்ப் பூண்டு நண்டைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அது ருசிதான், ஆனால் மங்களூர் வீட்டில் அப்படி ஒன்று கிடையாது. பம்பாய்ப் பணத்துக்காகப் பிறந்த பண்டம். நீங்கள் வட்டாரச் சாப்பாடு கேட்டதால் சொல்கிறேன், நீர் தோசையோடு மீன் கஸ்ஸி (தேங்காய் அரைத்த குழம்பு) கேளுங்கள். கோழி என்றால் கோரி ரொட்டி. அப்பளம் போல் உலர்ந்த அரிசி ரொட்டியை நொறுக்கி, மேலே குழம்பை ஊற்றி, அது பாதி ஊறியதும் சாப்பிட வேண்டும், முழுதும் ஊறவிட்டால் கூழாகிவிடும். கானே என்று பட்டியலில் இருப்பது நம் கிழங்கான். ஃபோர்ட்டிலேயே பிட்டா தெருவில் டீலக்ஸ் என்ற மலையாளிக் கடை இருக்கிறது, மதியம் இலைச் சாப்பாடு.

ஈரானிக் கடைகளைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், பாதி பழம்பெருமைப் புலம்பல். பார்ஸிகள் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இந்தியாவில் இருப்பவர்கள். ஈரானிகள் என்போர் அதே ஜொராஸ்ட்ரிய மதத்தவர், ஆனால் ஈரானின் யஸ்து, கெர்மான் பகுதிகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் வந்தவர்கள். மற்றவர்கள் ராசியில்லை என்று ஒதுக்கிய தெருமுனைக் கடைகளை இவர்கள் எடுத்தார்கள் என்பார்கள். எந்த ஜாதி, எந்த மதத்துக்காரரும் உள்ளே வந்து உட்கார்ந்து டீ குடிக்கலாம் என்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை. தோபி தலாவில் கியானி 1904-இலிருந்து இருக்கிறது. காலையில் போய், புருன் மஸ்கா கேளுங்கள். மேல்தோல் கல் மாதிரி இருக்கும் பன்னில் வெண்ணெய் தடவித் தருவார்கள், டீயில் முக்காமல் கடித்தால் பல்லுக்கு நான் பொறுப்பில்லை. கூடவே கைமா பாவ், முட்டையில் அகூரி. மாவா கேக்குக்குப் பெயர் பெற்றது கிராண்ட் ரோடு ஸ்டேஷன் எதிர் மெர்வான், போவதற்கு முன் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மதியத்துக்கு பல்லார்ட் எஸ்டேட்டில் பிரிட்டானியா, 1923-இலிருந்து. அதன் பெர்ரி புலாவில் போடும் புளிப்பான சிவப்புப் பழம் ஈரானிலிருந்து வருவது. கடைக்காரர் போமன் கோஹினூரின் மனைவி ஈரானில் கற்று வந்த புலாவ் அது. 2019-இல் மறையும் வரை, தொண்ணூறு தாண்டியும், மேசை மேசையாக வந்து ஆர்டர் எடுத்தவர் அவர். விலை கூடுதல், இரவில் திறப்பதில்லை. தான்சாக் என்று பட்டியலில் இருக்கும், பருப்பும் ஆட்டுக்கறியும் காய்களும் ஒன்றாக வெந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு உகந்த சாப்பாடு. ஆனால் பார்ஸி வீடுகளில் துக்கம் நடந்த நான்காம் நாள் செய்வதும் அதுதான், அதனால் கல்யாண விருந்தில் பார்க்க மாட்டீர்கள். கல்யாணச் சாப்பாட்டின் ருசி வேண்டுமென்றால் பத்ரா நி மச்சி கேளுங்கள், பச்சைச் சட்னி தடவி வாழை இலையில் மடித்து அவித்த வவ்வால்.

குஜராத்திச் சாப்பாடு சைவக்காரருக்கு விருந்து, காரம் தேடுகிறவருக்குச் சோதனை. கால்பாதேவியின் துணிச்சந்தைச் சந்துகளில் ஸ்ரீ தாக்கர் போஜனாலய், 1945-இலிருந்து. பக்கத்திலேயே ஃப்ரெண்ட்ஸ் யூனியன் ஜோஷி கிளப் என்று ஒரு கடை. உறுப்பினர் சந்தா எல்லாம் கிடையாது. நம் ஊரில் காபி கிளப் என்று சொன்னோமே, அந்த மாதிரிதான். பருப்பில் வெல்லம், கடி என்கிற மோர்க்குழம்பில் வெல்லம், அப்புறம் இனிப்பு வேறு. குளிர்காலத்தில் போங்கள். உந்தியு என்று அவரை, சேனை, வெந்தயக்கீரை உருண்டை, கத்தரிக்காய் எல்லாம் சேர்த்து எண்ணெயில் மெல்ல வெந்தது அப்போதுதான் கிடைக்கும். கம்பு ரொட்டியோடு வெல்லமும் வெண்ணெயும் வைப்பார்கள். கோடையில் ஆம்ரஸ், மாம்பழச் சாறு, பூரியோடு. தட்டு பார்த்து மிரள்பவர்களுக்கு தார்தேவில் ஸ்வாதி ஸ்நாக்ஸ். வாழை இலைக்குள் மெல்லிசாக வேகவைத்த பான்கியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பெண்டி பஜார், முகமது அலி ரோடு பக்கம் ரம்ஜானில் எல்லோரும் போகிறார்கள், அந்தக் கூட்டத்தில் நின்று சாப்பிடுவது எனக்கு ஒத்துவராது. மற்ற மாதங்களில் போங்கள், உட்கார இடம் கிடைக்கும். நூர் முகமதி 1923-இலிருந்து நல்லி நிஹாரிக்குப் பெயர் பெற்றது, மஜ்ஜை எலும்போடு மெல்ல வெந்த கறி. காரா டாங்க் சாலையில் தாஜ் ஐஸ்கிரீம் 1887-இலிருந்து, கையால் சுற்றிச் செய்வது. சீதாப்பழமோ மாம்பழமோ, எது பருவமோ அது. அதைச் சுற்றித்தான் தாவூதி போரா முஸ்லிம்களின் பேட்டை.

இங்கே என் கணக்கு கொஞ்சம் மாறும். போராக்கள் ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, ஒரு சிட்டிகை உப்பில் தொடங்கி, இனிப்பும் உறைப்பும் மாறி மாறி வரச் சாப்பிடுகிறவர்கள். குடும்பமாக வாழ்ந்தவர்களுக்கு மெஸ் தேவைப்படவில்லை, அதனால் அந்தச் சாப்பாடு கடைக்கு வரவில்லை. ஊரின் ஆதி கிறிஸ்தவர்களான ஈஸ்ட் இந்தியர்களும் அப்படித்தான். கோடையில் இருபதுக்கும் மேற்பட்ட சாமான்களை வறுத்து இடித்து, பழைய பீர் பாட்டிலில் அடைத்து வைக்கும் 'பாட்டில் மசாலா' அவர்களுடையது, ஆனால் அதில் செய்த குழம்பை ஓட்டலில் தேடினால் அலுத்துப்போவீர்கள். பதாரே பிரபு, சி.கே.பி. (சந்திரசேனிய காயஸ்த பிரபு) என்கிற பழைய மராத்திச் சமூகங்களின் சமையலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இவற்றுக்கு இரண்டு வழி. ஒன்று, முன்பதிவு செய்து வீட்டிலேயே விருந்து கொடுப்பவர்கள் சில ஆண்டுகளாகப் பெருகியிருக்கிறார்கள், அவர்களிடம் போவது. இன்னொன்று, அலுவலகத்தில் அந்தச் சமூகத்து நண்பர் ஒருவரைப் பிடிப்பது. இரண்டாவது வழியில் சாப்பாடு எப்போதுமே மேல்.

பிரிவினையில் குடும்பத்தோடு வந்தவர்கள் சிந்திகளும் பஞ்சாபிகளும். அவர்களுக்குச் சாப்பாட்டுக் கடை பசிக்கல்ல, பிழைப்புக்கு. செம்பூர் கேம்ப் பக்கம் விக் கடையில் தால் பக்வான், மொறுமொறு ரொட்டியும் கடலைப்பருப்பும், ஞாயிறு காலை. சயான் கோலிவாடாவில் குடியேறிய பஞ்சாபிகள் மீனவர் பேட்டையின் மீனைக் கடலை மாவில் முக்கிப் பொரித்தார்கள். இன்றைக்கு நாடெங்கும் 'கோலிவாடா இறால்' என்று விற்பது அதுதான், கோலி மீனவர் வீட்டுச் சமையல் இல்லை. கோபி மஞ்சூரியனுக்கு மூத்ததான சிக்கன் மஞ்சூரியனும் இந்த ஊர்ச் சரக்கு என்பார்கள். 1975-இல் கிரிக்கெட் கிளப்பில் நெல்சன் வாங் செய்தது. சீனாவில் கேட்டால் முழிப்பார்கள்.

இனி நாள் நட்சத்திரம். நீங்கள் மழைக்காலத்தில் வந்து இறங்கியிருப்பதால் இது முக்கியம். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நம் பக்கத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பதால், ஜூனின் பின்பாதியிலிருந்து இங்கே தட்டில் வரும் மீன் கிழக்குக் கரையிலிருந்து ஐஸில் வந்ததாகவும் இருக்கலாம், பெட்டியில் உறைந்து கிடந்ததாகவும் இருக்கலாம். மால்வணிக் கடைக்கு ஆகஸ்ட் பாதிக்குமேல் போங்கள். நடுவில் ஆடி அமாவாசையைக் 'கட்டாரி' என்று கொண்டாடுவார்கள். மறுநாள் தொடங்கும் ஷ்ராவண மாதத்தில் பலர் கறி மீன் தொடுவதில்லை. புரட்டாசிக்கு முந்தின நாள் நம் ஊரில் பிரியாணிக் கடை எப்படி இருக்குமோ அப்படி இருக்கும், அன்றைக்கு மட்டும் போகாதீர்கள். ஷ்ராவணத்தில் அதே கடைகளில் இடம் தாராளமாகக் கிடைக்கும், மீனும் கடலிலிருந்து புதிதாக வரத் தொடங்கியிருக்கும். மதியம் பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள், ஒன்றரைக்குப் போனால் பொம்பில் தீர்ந்துவிட்டது என்பார்கள்.